பந்தலில் சமைக்கும் கைகள் வீட்டில் எங்கே?

பினாங்கில் தமிழ் ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று எவராலும் சொல்ல முடியாது. தைப்பூச நாள்களில் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் சாலை நெடுகிலும் நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்த்தாலே போதும். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதும், மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பதும், விடிய விடிய மீகூன் பிரட்டுவதும், மோர் கலப்பதும் பெரும்பாலும் ஆண்கள்தாம். தொழிற்சாலை ஊழியர்கள், லாரி ஓட்டுநர்கள், வங்கி அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, யாரென்றே தெரியாதவர்களுக்குப் பரிமாறி, எச்சில் தட்டுகளையும் அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத் தொண்டு என்று மனமார மதிக்கிறோம், மதிக்கத்தான் வேண்டும். இந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த நாசி கண்டார் என்ற உணவை வளர்த்தவர்களும் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் ஆண்கள்தாம். கல்யாண மண்டபங்களிலும் தலைமைச் சமையற்காரர் பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கிறார். ஆனால் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் இதே ஊரின் வீடுகளுக்குள் அந்தக் கைகளைக் காணோம். முறுக்கு பிழிவதும், நெய் உருண்டை பிடிப்பதும், வேலை முடிந்து வந்து இரவு பன்னிரண்டு மணிக்கு எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பதும் பெண்கள். நம் ஆண்களிடம் திறமைக்கும் குறைவில்லை, பக்திக்கும் குறைவில்லை, மனம் வைத்தால் நேரத்துக்கும் குறைவில்லை என்பதைத் தைப்பூசம் ஆண்டுதோறும் நிரூபிக்கிறது. ஊர் பார்க்கச் சமைத்தால் அது தொண்டு, கூலிக்குச் சமைத்தால் அது தொழில், வீட்டுக்குள் சமைத்தால் மட்டும் அது பெண்ணின் கடமை என்று நாம் வைத்திருக்கும் பாகுபாடுதான் இங்கே வேலை செய்கிறது. அதைக் கைவிடாவிட்டால் நம் பண்டிகைகள் இன்னும் இரண்டு தலைமுறை தாங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுப் பண்டிகை வேலை பலகாரம் சுடுவதோடு முடிவதில்லை. உளுந்தும் அரிசியும் எத்தனை கிலோ, எண்ணெய் எந்தக் கடையில் மலிவு, சின்னவனுக்குப் போன வருஷத்து அளவு சரிப்படுமா, மாமனாருக்குச் சர்க்கரை ஆகாதே, சம்பந்தி வீட்டார் சைவமாயிற்றே, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் எதிர் வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும் கொடுக்கும் தட்டில் எதை வைக்கலாம், அங்பாவ் உறைகளுக்குப் புது நோட்டு மாற்றியாயிற்றா என்பதெல்லாம் ஒருத்தியின் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்க வேண்டும், காற்றாடியைத் துடைக்க வேண்டும், பூசை சாமான்களைத் துலக்க வேண்டும். தீபாவளியன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் வைத்து, இட்டிலி அவித்து, ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்து, பத்து மணிக்கு வரும் முதல் விருந்தாளியைச் சிரித்த முகத்தோடு வரவேற்று, பொழுது சாயும்வரை பாத்திரம் கழுவ வேண்டும். “எங்கள் வீட்டில் அவர் உதவுவார்” என்று பல பெண்கள் சொல்கிறார்கள். உண்மைதான். “என்ன செய்யணும், சொல்லு” என்று அவர் கேட்கிறார். கேட்டவுடன் சொல்வதற்கு ஒருத்தி அத்தனையையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறதே, அந்த நினைவுதான் வேலையிலேயே பாரமான பங்கு. அதில் கைகொடுக்க வருபவர்கள் மிகக் குறைவு.

இது மனத்தாங்கலில் சொல்வது அல்ல, அளந்து பார்த்தும் தெரிந்ததுதான். மலேசியாவின் கசானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூரில் கேட்டறியப்பட்ட பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு 3.6 மணி நேரமும், ஆண்கள் 2.2 மணி நேரமும் கொடுத்திருந்தார்கள். அது சிறிய ஆய்வு, ஒரு நகரத்தை மட்டும் பார்த்தது என்று ஒதுக்கலாம். இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை அப்படி ஒதுக்க முடியாது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையில் கைவைத்தவர்கள். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. மகிழலாம் என்று பார்த்தால், ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. 202 நிமிடமாக இருந்த இடைவெளி 201 ஆனதுதான் ஐந்து ஆண்டுகளில் கண்ட மாற்றம். மிக்சியும் வாஷிங் மெஷினும் வந்ததால் பெண்களின் பாரம் தானாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இயந்திரம் சேமித்துக் கொடுத்த நேரம் இருவருக்கும் கிடைத்திருக்கிறது, ஆனால் வேலை கைமாறவில்லை. இவையெல்லாம் சாதாரண நாள்களின் சராசரிகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

“இது நம் மரபு, பண்டிகைச் சமையல் பெண்ணின் கையால்தான் நடக்க வேண்டும்” என்பது இதற்கு முதலில் எழும் மறுப்பு. பினாங்கின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. இங்கே தைப்பூசத்தைப் பெருவிழாவாக நிலைநிறுத்தியதில் முன்நின்ற நாட்டுக்கோட்டை நகரத்தார், மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். கிட்டங்கிகளில் தங்கித் தொழில் செய்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். அந்தக் கிட்டங்கிகள் ஆண்களின் உலகம். உலை வைத்தவர் ஆண், இலை போட்டவர் ஆண், சாமிக்குப் படைக்கப் பிரசாதம் செய்தவரும் ஆண். 1894இல் அவர்கள் தமிழகத்திலிருந்து தருவித்த வெள்ளி ரதம் இன்றும் பினாங்குத் தெருவின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோவிலுக்குப் போகிறது. வழியெங்கும் தேங்காய் உடைகிறது. துறைமுகத்திலும் தோட்டங்களிலும் பாடுபட்டவர்களிடமும் இதே நிலைதான். 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில்கூட மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு இந்தியப் பெண்கள்கூட இல்லை. பெண் துணையே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்கள் சேர்ந்து சமைத்து, பொங்கல் வைத்து, தீபாவளி கொண்டாடி, அந்தப் பண்டிகைகளை அந்நிய மண்ணில் அணையாமல் காத்தார்கள். அப்படியென்றால் பண்டிகைச் சமையல் பெண்ணுக்கே உரியது என்ற வழக்கம், இந்த மண்ணைப் பொறுத்தவரை, பெண்கள் வந்து குடும்பங்கள் அமைந்த பிறகு ஏற்பட்ட ஏற்பாடு. நமக்கு முன்னவர்கள் வெட்கப்படாமல் செய்த வேலையை இன்றைய ஆணிடம் கேட்பதில் மரபை உடைப்பது எதுவும் இல்லை.

ஆண் வெளியே சம்பாதித்தான், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள், அதனால் வேலை அப்படிப் பிரிந்தது என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த வசதி மலாயாத் தமிழ்ப் பெண்ணுக்கு வாய்க்கவே இல்லை. இன்று செபராங் பிறை என்று அழைக்கும் வெல்லெஸ்லி மாநிலத்துத் தோட்டங்களில், விடிவதற்கு முன்னே பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்ற வரிசையில் பெண்களும் நின்றார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவினார்கள், புல் வெட்டினார்கள். 1920களின் இறுதியில் அரசு வகுத்த நிலையான கூலி, எளிதில் போய்ச் சேரக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசைக் குறைத்துக் கொடுத்தார்களே தவிர, வேலையிலிருந்து விட்டுவிடவில்லை. வெயிலில் காய்ந்து வந்தவள்தான் மாலையில் அடுப்பும் மூட்டினாள். ஆனாலும் அன்றைக்கு ஒரு துணை இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. தோட்டத்து லயன் வீடுகளில் பண்டிகை நெருங்கினால் ஒரு வாசலில் அடுப்பு மூட்டுவார்கள், ஆறேழு வீட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி பொரித்தெடுக்க, மூத்த பாட்டி உப்பும் பதமும் பார்க்க, குழந்தைகளை யாரோ ஒருத்தி பார்த்துக்கொள்வாள். இரவெல்லாம் பேச்சும் சிரிப்புமாக அந்த வேலை நடக்கும். பண்டிகையின் இன்பம் என்று நாம் இன்றைக்கு ஏக்கத்தோடு நினைப்பதில் பாதி அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தபோது மின்னணுத் தொழிற்சாலைகள் இளம் பெண்களைத்தான் தேடித் தேடி எடுத்தன. தோட்டத்துப் பெண்ணின் மகள் ஷிப்டு வேலைக்குப் போனாள், அவளுடைய மகள் இன்று அலுவலகத்துக்குப் போகிறாள். அடுக்குமாடி வீட்டின் சின்ன அடுப்படியில் இப்போது ஒருத்தி மட்டும் நிற்கிறாள். அன்று ஆறு பேர் பகிர்ந்துகொண்ட வேலை முழுவதும் அவள் தலையில். பலகார வகைகள் குறையவில்லை. திறந்த இல்ல உபசரிப்பு என்று அலுவலக நண்பர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள், அண்டை அயலார் என விருந்தினர் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. மூன்று இனத்தவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பது மலேசியாவின் அருமையான பழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நல்லிணக்கத்தின் பின்னால் நின்று தோசை ஊற்றுகிறவள் யார் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டாமா? நாட்டில் வேலைவயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 83 பேர். வேலைக்கு வராத பெண்கள் சொல்லும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது வீட்டுப் பொறுப்பு. இந்த எண்களுக்கும் பண்டிகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீட்டு வேலை பெண்ணுடையது என்ற எண்ணத்தைப் பண்டிகைதான் ஆண்டுக்கு ஆண்டு மங்கலமாக்கிப் புதுப்பித்துக் கொடுக்கிறது. பத்து வயதுச் சிறுவன் தீபாவளியன்று அப்பா வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதையும் அம்மா நிற்பதையும் பார்க்கிறான். அவனுக்கு அதைவிட அழுத்தமாகப் பாடம் சொல்ல எந்தப் பள்ளியாலும் முடியாது.

அடுத்த மறுப்பு நெஞ்சைத் தொடுவது, ஆகவே கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது. “அம்மா செய்வது அன்பினால். அன்புக்கு மணிக்கணக்கா?” அன்பு உண்மை. பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பரிமாறி, அவர்கள் உண்பதைப் பார்க்கும் நிறைவு தாய்மார் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மறுத்துவிட்டு எழுதும் எந்த வாதமும் வீட்டு வாசலைத் தாண்டாது. ஆனால் அன்பினால் செய்யும் வேலையிலும் இடுப்பு வலிக்கிறது, கை பொள்ளுகிறது, தூக்கம் கெடுகிறது. அதைக் கணக்கிட்டால் அன்பு குறைந்துவிடும் என்று சட்டங்கள்கூட நினைக்கவில்லை. மலேசியாவில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தருகிறது. அடுப்படியும் ஒரு வேலைத்தலம், அங்கேயும் விபத்து நேரும் என்று ஒரு நாடு எழுதி ஒப்புக்கொண்ட செய்தி அது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் சொத்தைப் பிரிக்கும்போது வீட்டையும் குடும்பத்தையும் பராமரித்ததைப் பங்களிப்பாகப் பார்க்கச் சொல்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. கணவர் வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைத் தாங்கியதால்தான், ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்றே பெயரிட்டது. ஆயிரம் ரூபாய் போதுமா என்பது வேறு வழக்கு. பெண் செய்வது வேலை என்பதில் நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் வந்த தெளிவு, தீபாவளிக் காலையில் நம் வீட்டு வரவேற்பறைக்கு இன்னும் வரவில்லை.

பெண்களே விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார், மனைவிக்கே கணவன் அடுப்படிக்குள் வருவது பிடிக்காது, அவர் செய்தால் பாதி வேலை கூடிவிடுகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பல தலைமுறைப் பெண்களுக்கு வீட்டில் அவர்கள் சொல் எடுபட்ட ஒரே இடம் அடுப்படிதான். எந்த அளவில் ஓமம், எந்தப் பதத்தில் பாகு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை, வேறெங்கும் அதிகாரம் இல்லாதவள் எளிதில் விடமாட்டாள். கோவில் நிர்வாகக் குழுவில் அவளுக்கு இடம் இல்லை, குடும்பச் சொத்துப் பேச்சில் அவளைக் கேட்பதில்லை, பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில்கூட அவள் பேச்சு கடைசியில்தான் வருகிறது. மாமியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் ஒன்றும் ஆகாது. அவருக்கும் இளமையில் யாரும் கைகொடுக்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வந்தால்தான் அவள் கரண்டியை மனத்தாங்கல் இல்லாமல் இன்னொருவரிடம் கொடுப்பாள். அடுப்படியில் ஆணும் கோவில் குழுவில் பெண்ணும் என்ற இரண்டும் ஒருங்கே நடக்க வேண்டியவை.

“எதற்கு இத்தனை பாடு? லிட்டில் இந்தியாவில் எல்லாம் கிடைக்கிறதே” என்று எளிய வழி சொல்பவர்களும் உண்டு. லெபோ பாசாரிலும் லெபோ குயினிலும் முறுக்கு முதல் அதிரசம் வரை தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பது உண்மை. வாங்குவதில் எந்த இழிவும் இல்லை, நேரமில்லாதவர்கள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பலகாரமும் எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு பெண் இரவு முழுக்க நின்று சுட்டதுதான். தீபாவளிக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஆர்டர் எடுத்துச் சுட்டுக் கொடுக்கும் பெண்களில் தனித்தாய்மாரும் குறைந்த வருமானக் குடும்பத்தாரும் நிறையப் பேர். அவர்களிடம் ஒரு டப்பாவுக்கு இரண்டு ரிங்கிட் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நாம், பேரங்காடியில் விலை ஒட்டிய பிஸ்கட் டின்னை வாய் திறக்காமல் வாங்கி வருகிறோம். வீட்டுப் பெண்ணின் வேலைக்கு விலை இல்லை என்ற பழக்கம் வெளியே கூலிக்குச் செய்பவளின் விலையையும் இப்படித்தான் இழுத்துப் பிடிக்கிறது. தவிர, பலகாரத்தை வாங்கிவிட்டாலும் வீட்டைத் துடைப்பதும் விருந்தினரைக் கவனிப்பதும் பாத்திரமும் நினைவுப் பாரமும் அப்படியேதான் இருக்கின்றன.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பண்டிகையின் எல்லா வேலைக்கும் பெண் வேண்டும். ஆனால் சாமி முன்னால் வரும்போது அவளுக்கு நிபந்தனை. மாதவிலக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் விரத நாளுக்கும் பண்டிகைக்கும் முன் மாத்திரை வாங்கி நாளைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பது பெண்களுக்குத் தெரியும், ஆண்களில் பலருக்குத் தெரியாது. கணவனை இழந்தவளின் நிலை இன்னும் கொடுமை. மாவாட்ட அவள் கை வேண்டும், வடை சுட அவள் கை வேண்டும், ஆரத்தி எடுக்க மட்டும் அந்தக் கை ஆகாது. உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விலக்கிவைக்கும் வழக்கத்தை எந்தச் சாஸ்திரத்தின் பெயரால் காட்டினாலும் அது அநீதிதான். இதைப் பார்த்து வளரும் பெண் பிள்ளைகள் வாயால் எதிர்த்துப் பேசுவதில்லை. படித்து, வேலைக்குப் போய், தனிக்குடித்தனம் வந்ததும் பண்டிகையையே சுருக்கிவிடுகிறார்கள். ஓர் உணவகத்தில் சாப்பாடு, ஒரு படம், கைப்பேசியில் வாழ்த்து. அவர்களைச் சோம்பேறிகள் என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் திட்ட மனம் வரவில்லை. தாயின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள் எடுக்கும் முடிவு அது. பினாங்கு மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இங்கே ஒரு குழந்தைக்குத் தமிழ்ச் சொல்லும் உறவுமுறையும் சுவையும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் இடம் பண்டிகை வீடு. அது களைத்துப்போன ஒருத்தியின் தோளில் மட்டும் நின்றால், அவளோடு முடிந்துவிடும்.

என்ன செய்யலாம் என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை, தண்ணீர்ப் பந்தலே வழிகாட்டுகிறது. பந்தல் வேலை ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், யார் காய்கறி வாங்குவது, யார் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று பல நாள் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்வதுதான். யாரும் யாரிடமும் “என்ன செய்யணும், சொல்லு” என்று கேட்டு நிற்பதில்லை. அதே ஆண்கள் அதே ஒழுங்கோடு தீபாவளிக்கு வீட்டில் உட்கார்ந்து தங்கள் பங்கை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். சாமான் வாங்கும் பொறுப்பு என்றால் என்னென்ன குறைகிறது என்று பார்ப்பதிலிருந்து அது அவருடையது. தைப்பூசத்துக்கு எடுக்கும் விடுப்பைப் போல் தீபாவளிக்கு முந்திய இரண்டு நாளுக்கும் விடுப்பு எடுக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் மலேசியத் தொழிலாளர் சட்டம் தந்தைக்கு ஏழு நாள் பேறுகால விடுப்புக் கொடுக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டில் அப்பாவுக்கும் வேலை உண்டு என்பதைச் சட்டமே சொன்ன பிறகு, பண்டிகை வீட்டில் அவருக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் பொங்கல் விழாக்களில் பெண் பிள்ளைகள் கோலம் போடுவதும் பையன்கள் நாற்காலி தூக்குவதும் என்ற பழைய பங்கீடு எங்கெல்லாம் இன்னும் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஆசிரியர்கள் அதை ஒரு நாளில் மாற்றிவிடலாம்; அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. கோவில் நிர்வாகங்கள் அன்னதானத்துக்குப் பெண்களைக் காய் நறுக்கக் கூப்பிடுவதோடு நிற்காமல், எவ்வளவு செலவு, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்திலும் உட்கார வைக்க வேண்டும்.

ஆண்கள் பகிர்ந்துகொண்டால் பண்டிகையின் சுவை போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் போகத்தான் செய்யும். மாவு தளர்ந்து முறுக்கு எண்ணெய் குடிக்கும், நெய் உருண்டை பிடிபடாமல் உதிரும், இட்டிலி கல்லாகும். விருந்தினர் முன்னால் அந்தத் தட்டை வைக்க வீட்டுப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் பலகாரம் சரியில்லாவிட்டால் ஊர் இன்றைக்கும் அவளைத்தான் சொல்லும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்வது தாய்மாராகிய நம் பங்கு. உரலைப் பிடுங்கி நாமே பிழிந்துவிடாமல், பக்கத்தில் நின்று பதம் சொல்லிக்கொடுப்பது பாட்டிமார் பங்கு. மகளுக்கு இந்த அவகாசத்தைக் கொடுத்துத்தான் பழக்கினோம். முதல் தடவை அவள் செய்த அதிரசம் சட்டியிலேயே பிரிந்துபோனபோது, பழகிக்கொள்வாள் என்று சொல்லி அடுத்த வருஷமும் மாவை அவள் கையில் கொடுத்தோம். பதினைந்து வயதில் பந்தலில் நூறு பேருக்குச் சோறு பரிமாறுகிற மகனுக்கு, வீட்டில் நான்கு பேருக்கு முறுக்குப் பிழியப் பழகும் வயது வந்துவிட்டது.